மொட்டைக்கு முன்னாலா, பின்னாலா, பாவா?

என் பிரியத்துக்குரிய பாவாவுக்கு,

ஊரார் முன்னால் உன்னை 'வாங்க, போங்க' என்பேன். நாம் இரண்டு பேர் மட்டும் மரத்தில் ஏறி ஸ்பீக்கர் கட்டும்போது 'நீ'தான். இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தும் 'நீ' என்றே எழுதுகிறேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிறாள். எழுதியதை அவ்வப்போது படித்துக்காட்டச் சொல்கிறாள், திருத்தமும் சொல்கிறாள்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். பாவா, நான் மைக்கில் பேசிவிட்டேன். இந்த ஆடிக் கிருத்திகைக்கு, திருத்தணியில், சரவணப் பொய்கைப் பக்கம் நம் ஊர்க்காரர்கள் வருஷா வருஷம் போடும் அதே மோர்ப் பந்தலில், காலையிலிருந்து பொழுது சாயும் வரைக்கும் பேசினேன். தமிழிலும் பேசினேன், தெலுங்கிலும் பேசினேன்.

நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரி, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரி.

இதைப் படிக்கிறவர்களுக்கு நம் கதை தெரியாது அல்லவா? அவர்களுக்காக இரண்டு வார்த்தை. நீ என் அக்கா கன்னியம்மாவின் வீட்டுக்காரன். கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில் உனக்கும் எனக்கும் அடுத்தடுத்து நிலம். உழுத நேரம் போக நம் இருவருக்கும் சேர்த்து ஒரு மைக் செட். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுவது, சாவு, தேர்தல் கூட்டம், எது என்றாலும் போவோம். வயர் இழுப்பது, குழாய் ஸ்பீக்கர் கட்டுவது, ஆம்ப்ளிஃபயர் பார்ப்பது எல்லாம் நான். பேசுவது நீ. கிட்டத்தட்ட முப்பது வருஷம் இப்படியே ஓடியது.

அந்த முப்பது வருஷத்தில் நான் மைக்கில் ஒரு 'ஹலோ'கூடச் சொன்னதில்லை. சோதித்துப் பார்க்கக்கூட உன்னைத்தான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடத்தில் மேடையில் விழுந்தேன், யாரோ சிரித்தார்கள் என்று பெரிய காரணம் எதுவும் எனக்கில்லை. ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பின்னால் ஒரு மடக்கு நாற்காலி, கழுத்தில் துண்டு, கையில் டீ. எல்லாரும் உன்னைப் பார்ப்பார்கள், என்னை யாரும் பார்க்க மாட்டார்கள். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அவ்வளவுதான்.

அங்கே உட்கார்ந்துகொண்டு ஊரையே குறை சொல்லிக்கொண்டிருந்தவன் நான். மைக்கைத் தட்டுகிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. 'ஃபூ ஃபூ' என்று ஊதுகிறவனைக் கண்டால் அடிக்கவே தோன்றும். ஒருமுறை ஒரு மாப்பிள்ளையின் சித்தப்பா ஊதினார் என்று நான் வயரைப் பிடுங்கிவிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நீ போய்ச் சமாதானம் பேசினாய். எப்போதும் நீதான் பேசுவாய்.

அப்படிப்பட்ட நீ, போன வருஷம் சித்திரையில், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

நம் பக்கத்தில் சாவு விழுந்தால் ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு சுற்றுப்பட்டு ஊர்களில் சொல்லிவிட்டு வருவது வழக்கம். எத்தனை பேர் சாவை நீ சொல்லியிருப்பாய்? அதற்கு உன்னிடம் ஒரு முறை இருந்தது. நான் ஒருநாள், இவ்வளவு நீட்ட வேண்டுமா, பேரையும் ஊரையும் சொன்னால் போதாதா என்று அலுத்துக்கொண்டேன்.

"பேர மட்டும் சொன்னா யாருக்குடா தெரியும் தணிகா? நம்ம பக்கம் ஏகாம்பரம்னு ஒம்போது பேரு கீறான். யாருக்கு யாருன்னு சொல்லு. அப்பதான் கேக்கறவன் கையில கீறத கீழ வெப்பான்" என்றாய்.

உன் சாவன்று அந்த ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தது நான்தான். வேறு யார் ஏறுவார்கள்? மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய் 'ஏகாம்பரம்' என்று உன் பேரைச் சொன்னேன். அதற்கு மேல் எனக்கு வரவில்லை. மணவூர் ரோடு வரை வண்டி போனது, ஸ்பீக்கரில் என் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததாம். ஓட்டியவர் பரிதாபப்பட்டு வண்டியைத் திருப்பிவிட்டார். பிறகு வெளியூரிலிருந்து ஒருவரைப் பிடித்து வந்தார்கள். அவர் நன்றாகத்தான் சொன்னார். ஏகாம்பரம் அவர்கள் இயற்கை எய்தினார், இத்தனை மணிக்கு அடக்கம் என்று துண்டுச் சீட்டைப் பார்த்துப் படித்தார். அதில் அக்கா பேர் இல்லை, உன் மகள் பேர் இல்லை, என் பேரும் இல்லை. நீ யாருக்கும் யாரும் இல்லாதவன் மாதிரிப் போய்ச் சேர்ந்தாய்.

அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது, பாவா. சோற்றில் கை வைத்தால் அந்தத் துண்டுச் சீட்டுதான் கண்ணில் வரும். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. இப்போது எழுதுகிறேன், அக்காவும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

செட்டைச் சாக்குப் போட்டு மூடி வைத்தேன். சாவு விழுந்த வீடு, ஒரு வருஷம் மலைக்குப் போகக்கூடாது என்பதால் போன வருஷம் பந்தல் நாமில்லாமல், மைக் இல்லாமல் நடந்தது. எனக்கு உள்ளுக்குள் நிம்மதிதான். வருஷத் திதி முடிந்த மறுவாரம் அக்கா அந்தச் சாக்கை எடுத்து உதறிக் கொடியில் போட்டுவிட்டாள். இந்த ஆடிக்குச் செட் போகிறது, பந்தல்காரர்களிடம் சொல்லிவிட்டேன் என்றாள். யார் பேசுவது என்று கேட்டேன்.

"இன்னா கேள்வி இது. நீதான்."

எனக்குப் பேச வராது என்றேன். நாற்பத்தொன்பது வயசுக்கு மேல் எனக்கு எதற்கு இந்தப் பிழைப்பு, போனில் யாரையாவது பேச வைத்துப் பதிவு செய்து அதையே திரும்பத் திரும்பப் போடலாம் என்று யோசனை சொன்னேன். அக்கா அதற்குக் கோபப்படவில்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

"உங்க பாவா போனதுக்கு அப்புறம் அவரு போன எடுத்து நானே பேசறேன். ஏகாம்பரம் அண்ணன் கீறாரான்னு கேக்கறாங்க. இல்லங்க, நான் அவரு சம்சாரம், இன்னா விசேஷம், சொல்லுங்கன்றேன். மொத தடவ சொல்லும்போது எனக்கும் வரலடா தணிகா."

அந்தச் சாக்கைக் கொடியிலிருந்து எடுத்து மடித்து வைத்தேன்.

பயிற்சி எடுத்தேன், பாவா. பம்ப் செட் ஓடும் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று மோட்டார் ரூம் பக்கத்தில் நின்றுகொண்டு, காலி சோப்பு டப்பாவை மைக் மாதிரிப் பிடித்து, 'பக்தகோடிப் பெருமக்களே' என்று ஆரம்பிப்பேன். ஒருநாள் நடுவில் கரண்ட் போய்விட்டது. மோட்டார் நின்றது, நான் நிற்கவில்லை. பக்கத்துக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். காணாமல் போன ஒரு குடையைப் பற்றி உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆடிக் கிருத்திகை அன்று விடியும்போதே போய்விட்டோம். உனக்கு நான் சொல்லவா வேண்டும்? எங்கே பார்த்தாலும் மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை, பூக்காவடி, அரோகரா சத்தம். ஆந்திராவின் நகரி, புத்தூர் பக்கத்து ஜனங்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். முடி கொடுத்துவிட்டு, குளித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு நடக்கிறவர்களைப் பார்த்தால் எல்லாரும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். ஸ்பீக்கர் கட்டிவிட்டு, பழக்க தோஷத்தில் பெட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். அக்கா மோர் அண்டாவை விட்டுவிட்டு வந்து, என் மடக்கு நாற்காலியைத் தூக்கி மைக்குக்கு முன்னால் போட்டுவிட்டுப் போனாள்.

முதல் அறிவிப்பு ஒரு பை. யாரோ விட்டுவிட்டுப் போன தேங்காய்ப் பை. எழுந்து நின்றேன், கண்ணை மூடினேன், பேசினேன். எப்படிப் பேசினேன் தெரியுமா? தடுமாறவில்லை. இரண்டு பாஷையிலும் சொல்லி முடித்து, நானா இது என்று வியர்வையைத் துடைத்தேன். அக்கா அண்டாவுக்குப் பின்னாலிருந்து, எப்போது பேசப் போகிறாய் என்று கையால் கேட்டாள்.

மைக்கில் ஸ்விட்ச்சைப் போடவில்லை, பாவா. முப்பது வருஷம் அந்த ஸ்விட்ச்சைப் பார்த்துக்கொண்டதைத் தவிர வேறு வேலை இல்லாதவன் நான். இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஸ்விட்ச்சைப் போட்டேன், வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமே, குனிந்து 'ஃபூ' என்று ஊதினேன். பொய்கைப் படியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அந்தச் சித்தப்பா எங்கிருந்தாலும் என்னை மன்னிக்கட்டும்.

அதற்கப்புறம் பயம் கொஞ்சம் விட்டுவிட்டது. இதற்கு மேல் கெடுவதற்கு என்ன இருக்கிறது? மோர் வாங்க வரிசையில் வாங்க, காவடிக்கு வழி விடுங்க, செருப்பைத் தேடுகிறவர்கள் பந்தலுக்கு வரவேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பதினொரு மணிக்கெல்லாம் எனக்கே என் குரல் பிடித்துப்போய்விட்டது. அங்கேதான் வினை.

ஒரு வயசான அம்மா வந்தார்கள். நகரிக்காரர், பேர் ராஜம்மா, தமிழும் தெலுங்கும் கலந்துதான் பேச்சு. போன வருஷம் இருதயத்தில் ஆபரேஷன் ஆனவராம், மூச்சு வாங்கியது. அக்கா ஓடிவந்து முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். வீட்டுக்காரரைக் காணவில்லை. கைகாலை அலம்பிவிட்டு வருகிறேன் என்று போனவர் இரண்டு மணி நேரமாக வரவில்லை. போன் இந்த அம்மாவிடம் இருக்கிறது. சுகர் உள்ள மனுஷன், எங்கே விழுந்து கிடக்கிறாரோ என்று அழுதார். ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டேன். முடியெல்லாம் வெள்ளை, மஞ்சள் வேட்டி, பெரிய மீசை என்றார். மீசையைச் சொல்லும்போது மட்டும் அழுகைக்கு நடுவிலும் அவர் கை இரண்டு பக்கமும் முறுக்கிக் காட்டியது.

இந்தச் சமயத்துக்குத்தான் நான் பிறந்தேன் என்று நினைத்துக்கொண்டேன். நகரியிலிருந்து வந்திருக்கும் சுப்பராயுடு அவர்களே என்று ஆரம்பித்து, மீசைக்கு வந்தபோது நிறுத்தவே முடியவில்லை. முதல் தடவை 'பெரிய மீசை'. அடுத்த தடவை 'முறுக்கிய பெரிய மீசை'. நாலாவது தடவை 'தூரத்திலிருந்தே தெரியக்கூடிய கம்பீரமான மீசை'. தெலுங்கில் இன்னும் இரண்டு அங்குலம் வளர்த்தேன். ஜனங்கள் சிரித்துக்கொண்டே சுற்றிலும் மீசையைத் தேடினார்கள். ஒரு மணி நேரம் போய், ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆள் வரவில்லை. ராஜம்மா அழுகையை நிறுத்திவிட்டு வெறுமனே கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. நீ இருந்திருந்தால் இந்நேரம் ஆள் கிடைத்திருப்பார் என்றுதான் மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

அப்போது அக்கா வந்து என் காதோரம் சொன்னாள்.

"அண்டாவுக்குப் பின்னால ஒரு மொட்டப் பெரியவரு ஒக்காந்துகினு கீறாரு பாரு. இது ஏழாவது டம்ளரு. தாகம் மாதிரி தெரியல."

திரும்பிப் பார்த்தேன். தலை நிறையச் சந்தனம், மஞ்சள் வேட்டி, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி ஒருவர். அன்றைக்கு ஆயிரம் பேர் அப்படித்தான் இருந்தார்கள். ஆனால் முகமெல்லாம் வெயிலில் கறுத்திருக்க, மூக்குக்குக் கீழே மட்டும் ஒரு பட்டை வெளுத்துக் கிடந்தது. ஆயுசில் வெயிலே படாத இடம்.

பாவா, அப்போதுதான் எனக்கு உறைத்தது. யார் வந்து ஆளைக் காணோம் என்று அழுதாலும் நீ முதலில் பேரைக் கேட்க மாட்டாய், ஊரைக் கேட்க மாட்டாய். 'மொட்டைக்கு முன்னாலா, பின்னாலா?' என்றுதான் கேட்பாய். காணாமல் போனது மொட்டை போடுவதற்கு முன்னாலா, போட்ட பின்னாலா, அல்லது இனிமேல் போடப் போகிறாரா என்று துருவுவாய். பின்னால் உட்கார்ந்து அதை எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேன்? அழுகிறவர்களிடம்கூட இவனுக்கு வாய் சும்மா இருக்காது, கதை பேசுகிறான் என்று நினைத்தேன். ஒருநாளும் ஏன் என்று உன்னைக் கேட்கவில்லை.

ராஜம்மாவிடம் போய்க் குனிந்து, ஐயா மொட்டைக்கு ஏதாவது வேண்டிக்கொண்டிருந்தாரா என்று கேட்டேன்.

"அவரா? மொட்டையா? நல்லா சொன்ன போ. அந்த மீசைக்கு எண்ணெ தடவறதுக்கே தனியா ஒரு சீசா வெச்சிகினு கீறாரு. எங்க கல்யாணத்துல பாத்த மீசப்பா அது."

அண்டாவுக்குப் பின்னால் பார்த்தேன். பெரியவரும் என்னைப் பார்த்துவிட்டார். மெல்லத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. கண் கெஞ்சியது. அவருக்குத் தன் மனைவி எங்கே இருக்கிறாள் என்பது ஒன்றரை மணி நேரமாகத் தெரியும். எழுந்து நாலு எட்டு வைத்து வர முடியவில்லை.

நான் விரலை நீட்டி 'இதோ இருக்கிறார்' என்று காட்டியிருக்கலாம். இரண்டு நொடி வேலை. ஆனால் முப்பது வருஷம் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தவன் நான், ஒளிந்திருப்பவரைக் கையைப் பிடித்து இழுத்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? மோட்டார் ரூமில் மனப்பாடம் செய்த எதுவும் இதற்கு உதவாது. மைக்கை எடுத்தேன். ஸ்விட்ச்சைப் பார்த்துக்கொண்டேன். ஊதவில்லை.

"நகரி சுப்பராயுடு ஐயா. ராஜம்மா வீட்டுக்காரரே. இவ்ளோ நேரம் நான் சொன்னதுல ஒரு தப்பு நடந்துபோச்சு. மீசையப் பத்திச் சொன்னத எல்லாம் வாபஸ் வாங்கிக்கறேன். அம்மா மீசையத் தேடிகினு இங்க ஒக்காந்து இல்ல. ஆளத் தேடிகினுதான் ஒக்காந்துகினு கீறாங்க. நீங்க எப்படி இருந்தாலும் சரி, எழுந்து வாங்க ஐயா."

கூட்டம் அமைதியானதாக எனக்குத் தோன்றியது. உண்மையில் ஆகியிருக்காது, அந்த இடத்தில் எப்படி அமைதி வரும்? பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து, துண்டால் வாயை மூடிக்கொண்டு, அண்டாவைச் சுற்றி வந்து ராஜம்மாவுக்கு முன்னால் நின்றார். அந்த அம்மா அவரைப் பார்த்தார், தாண்டிப் பின்னால் பார்த்தார், மறுபடி பார்த்தார். கையை நீட்டித் துண்டை விலக்கினார். வெளுத்த அந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினார்.

"இத்தினி வருஷமா இதயா மறைச்சு வெச்சிருந்த?" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார் பாரு. ஆபரேஷன் செய்த நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. பெரியவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மேல் உதடு இல்லாத மாதிரி இருக்கிறது, குழந்தை மாதிரி இருக்கிறது என்று அந்த அம்மா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். சுற்றி இருந்தவர்கள் யாரோ அரோகரா போட்டார்கள்.

பிறகு பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கதையைச் சொன்னார். மனைவிக்கு ஆபரேஷன் நடந்த அன்று, பிழைத்து வந்தால் முடி கொடுக்கிறேன் என்று யாருக்கும் சொல்லாமல் முருகனிடம் வேண்டிக்கொண்டாராம். தலையைச் சிரைத்து முடித்தவர், மீசையை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறார். "முடின்னு வேண்டிக்கினேன். மீசயும் முடிதானேன்னு தோணிச்சு. எடுத்துடுன்னுட்டேன்" என்றார். முகத்தைக் கண்ணாடியில் பார்த்ததும் யாரோ மாதிரி இருந்திருக்கிறது. எப்படியும் போய்த்தானே ஆகவேண்டும் என்று, மைக்கில் தன் பேரைக் கேட்டு நம் பந்தலுக்குத் தைரியமாகத்தான் வந்தாராம். வந்த நேரம் நான் மீசையைப் புகழ்ந்துகொண்டிருக்கிறேன். "ஒவ்வொரு தடவையும் நீ அத வளக்க வளக்க எனக்கு எழுந்திருக்கவே கால் வரலப்பா" என்றார். நான் என் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

போகும்போது அந்த அம்மா என் தலையில் கை வைத்தார். நல்லா பேசற தம்பி, ரொம்ப வருஷமா பேசறியா என்று கேட்டார். அக்கா முந்திக்கொண்டு 'ஆங்' என்றாள்.

அன்றைக்கு அப்புறம் ஏழெட்டுப் பேரைச் சேர்த்து வைத்தேன். முதல் கேள்வி மொட்டைதான். இப்போது மூன்று கல்யாணத்துக்கும் ஒரு கூழ் ஊற்றுவதற்கும் அக்கா போனில் ஒப்புக்கொண்டு வைத்திருக்கிறாள். உன் மகள் அம்மையார்குப்பத்திலிருந்து போன் செய்து, தறிச் சத்தத்துக்கு நடுவில், மாமா நீயா பேசினே, நிஜமா என்று மூன்று தடவை கேட்டாள். இன்னும் ஒவ்வொரு தடவையும் ஸ்விட்ச்சை இரண்டு முறை தொட்டுப் பார்க்கிறேன். ஆனால் சந்தோஷமாக இருக்கிறேன், பாவா. இத்தனை வருஷம் இதைச் செய்யாமல் விட்டோமே என்ற வருத்தம் இல்லை. நீ பேசினாய், நான் கேட்டேன், அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பொழுது சாய்ந்து, கூட்டம் கலைய ஆரம்பித்துவிட்டது. பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், அக்கா அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். செட்டை நிறுத்தப் போனவன், நிறுத்தாமல் மைக்கை எடுத்தேன். நான் யோசித்து வைத்திருந்தது இல்லை.

"ஒருத்தரக் காணல. பேரு ஏகாம்பரம். கனகம்மாசத்திரத்துப் பக்கம். கன்னியம்மா வீட்டுக்காரரு. அம்மையார்குப்பத்துல குடுத்திருக்கற அம்சாவோட அப்பா. மைக் செட்டு தணிகாசலத்தோட பாவா. நீலக் கோடு போட்ட சட்ட. மொட்ட போடல. போட்டிருந்தாலும் சிரிப்ப வெச்சி கண்டுபுடிச்சிடலாம். பாத்தவங்க, அவரு ஜனங்க மோர்ப் பந்தல்ல கீறாங்கன்னு சொல்லுங்க."

சொல்லி முடிக்கும் வரை குரல் உடையவில்லை. ஆட்டோவில் அன்று நின்ற இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். ஸ்விட்ச்சை அணைக்கக் கை வைத்தபோது, அண்டாவைக் கழுவும் சத்தம் நின்றிருந்தது. அக்கா ஈரக் கையோடு எனக்குப் பின்னால் வந்து நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"தெலுங்குலயும் சொல்லுடா" என்றாள். "அந்தப் பக்கமா போயிருந்தார்னா?"

தெலுங்கிலும் சொன்னேன், பாவா.

வருகிற ஆடிக்கும் நான்தான் பேசுவேன். ஸ்விட்ச்சைப் பார்த்துப் போடுவேன், ஊத மாட்டேன். அழுதுகொண்டு வருகிறவர்களிடம் முதலில் மொட்டையைக் கேட்பேன், அப்புறம் யாருக்கு யார் என்று கேட்பேன். எல்லாரும் அவரவர் ஜனத்தோடு போய்ச் சேர்ந்த பிறகு, செட்டை நிறுத்துவதற்கு முன்னால், உன்னை ஒருதடவை கூப்பிடுவேன், இரண்டு பாஷையிலும். உனக்கு எது முதலில் கேட்கிறதோ அதில் கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
கன்னியம்மாவின் தம்பி, அம்சாவின் தாய்மாமன்,
உன் மச்சான்
தணிகாசலம்